அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்

1

இந்தக் கதையின் நாயகி என்னிடம் முதன்முதலாகப் பேசியது ஒரு புகார் சொல்லத்தான். அப்போது இது கதையாக இல்லை. தூத்துக்குடியில் என் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் ஒரு பெண்குரல் கேட்டது:

"பிரேமாங்கிறது நீங்கதானா? மானிட்டர் பெட்டிக்குள்ள ஒரு தாள் வச்சிருக்காங்களே, அதத் தமிழ்ல எழுதுனது நீங்கதானா மேடம்?"

மூன்று சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். எந்த வாசகரும் அதுவரை என்னைத் தொலைபேசியில் அழைத்ததில்லை. முதன்முதலில் தேடிப்பிடித்தவள், நான் கூலிக்கு மொழிபெயர்த்த ஒரு பாதுகாப்புக் குறிப்பைப் படித்தவள். கதை எழுதிப் பிழைக்க முடியாது என்பதால் மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி வகையறாக்களோடு வரும் விளக்கத் தாள்களைத் தமிழில் எழுதித் தருகிறேன். சிவகாசியில் ஓர் அச்சகம் வழியாக வேலை வரும். அவள் தாளின் ஓரத்தில் இருந்த அச்சக எண்ணுக்குப் பேசி, அங்கிருந்து என் எண்ணை வாங்கியிருக்கிறாள்.

பெயர் தங்கமாரி என்றாள். ஊர் பசுவந்தனை. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் ஒரு தட்டச்சுக் கூடத்தில் மேற்பார்வையாளர். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, என் வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டினாள்.

"'இத்திரை வெளியிடும் எக்ஸ் கதிர்வீச்சு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது.' அனுமதிச்சது யாரு? எவ்வளவு அளவு? எங்க மானிட்டர அளந்து பாத்தது யாரு?"

கேள்விகள் மூன்று. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். இரண்டு நாளில் என்றேன். சரி, வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது. நான் எழுதிய ஒரு வரியை ஒருத்தி நம்பிப் படித்திருக்கிறாள் என்ற கூச்சத்தில்.

2

கதையாக எழுதலாம் என்று தோன்றியபிறகு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கரிசல் காட்டின் நடுவே, பழைய தீப்பெட்டிக் கொட்டகை ஒன்றில், இருபத்துநான்கு திரைகள் பச்சை விஷம்போல் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அந்த ஒளி பெண்களின் ரத்தத்துக்குள் மெல்ல..."

(இங்கே நிறுத்திவிட்டேன். தங்கமாரியிடம் வாசித்துக் காட்டியபோது, பச்சை எங்கேயும் இல்லை, வெள்ளையாகத்தான் இருந்தது, நாலைந்து திரைகள் ஓரத்தில் மங்கல் என்றாள்.)

"பெருமாள்சாமி ஈவிரக்கமற்ற முதலாளி. தன் லாபத்துக்காக..."

(இதைக் கேட்டுவிட்டு அவள், அண்ணாச்சியை உங்களுக்குப் பழக்கமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் அடித்துவிடுங்கள் என்றாள். அடித்தேன். அடித்தது தெரியட்டும் என்று இங்கே விட்டுவைத்திருக்கிறேன்.)

"மலிவு என்பது ஒரு பொருளின் விலை அல்ல, அது ஒரு..."

(கட்டுரை. எனக்கே கொட்டாவி வந்தது.)

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

3

பெருமாள்சாமிக்குத் தீப்பெட்டித் தொழில். குச்சி அடுக்கும் வேலை இயந்திரத்துக்குப் போனபிறகு எட்டயபுரம் சாலையிலிருந்த கொட்டகை ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து, வெள்ளையடித்து, மேசை நாற்காலி போட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக மருத்துவமனைப் படிவங்களைத் தட்டச்சு செய்து அனுப்பும் கூடமாக மாற்றினார். இருபத்துநான்கு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எல்லாரும் மானாவாரிக் காட்டுக் குடும்பங்கள். உளுந்தும் பருத்தியும் விளைந்தால் விளைந்தது, இல்லையென்றால் இல்லை என்றிருக்கும் வீடுகளுக்கு, மழையைப் பார்க்காமல் வருகிற வருமானம் அந்தக் கூடத்திலிருந்துதான்.

தை மாதம் பழைய திரைகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூட, சண்முகராஜ் என்ற முகவர் மூலமாகப் புதிதாக இருபத்துநான்கு இறங்கின. வெளிநாட்டுச் சரக்கு, கடைவிலையில் பாதி. தட்டையான திரை, பின்பக்கம் தகடு, கீழே இரும்புக் கால். ஒவ்வொரு பெட்டியிலும் என் தாள்.

அந்தத் தாளை இரண்டு மாதம் யாரும் படிக்கவில்லை. படித்தவள் சுந்தரேஸ்வரி. நாகலாபுரத்துப் பெண். கூடத்திலேயே வேகமான விரல்கள் அவளுடையவை. கல்யாணமாகி இரண்டு வருடம், வயிற்றில் நாலு மாதம். பங்குனி வெயிலில் ஒருநாள் மத்தியானம், காலிப்பெட்டி அட்டையை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அட்டை மடிப்பில் சிக்கியிருந்த தாளை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். கதிர்வீச்சு என்ற சொல் வந்த இடத்தில் அவள் குரல் நின்றுபோனது.

மறுநாளே அவரவருக்கு ஒரு நோவு வந்துவிட்டது. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்குக் கண் எரிச்சல். ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். திரையைத் திருப்பவோ நகர்த்தவோ கை வைத்தால் மணிக்கட்டுவரை சுர்ரென்று ஏறுகிறது. கதிர் உள்ளே இறங்குவது அதுதான் என்று முடிவாகிவிட்டது.

சுந்தரேஸ்வரியின் மாமியார் வெயிலம்மாள் நாகலாபுரத்திலிருந்து பேருந்து ஏறி நேராகக் கூடத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. பெருமாள்சாமியின் மேசை முன்னால் நின்று, எங்கள் வீட்டுக்கு முதல் பிள்ளை என்று மட்டும் சொன்னாள். அவர் உடனே எழுந்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சிகளும் புதிதாகக் கல்யாணமானவர்களும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லி, சுந்தரேஸ்வரியையும் இன்னும் இருவரையும் தன் வண்டியிலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்தார். கதிரைத் தடுக்கும் என்று யாரோ விற்ற பொன்னிற வில்லைகளை வாங்கி எல்லாத் திரையிலும் ஒட்டச் சொன்னார்.

[அடைப்புக்குள் ஒரு சந்தேகம்: இவரை நான் எப்படி எழுதுவது? கெட்டவர் என்றால் கதை சுலபம். இவர் பயந்துபோன நல்லவர். மூன்று பெண்களின் வேலையை அன்பினாலேயே பறித்துவிட்டார், பறித்தது தெரியாமலே.]

சுந்தரேஸ்வரி தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கமாரியைக் கூப்பிட்டாள். ஒரே கேள்விதான். என் இடத்தில் யாரை உட்காரவைத்திருக்கிறீர்கள். யாருமில்லை என்று தங்கமாரி ஒவ்வொரு நாளும் சொன்னாள். நாலாம் நாள் சென்னைக் கம்பெனியிலிருந்து, குறையும் மூன்று பேருக்குப் பதில் ஆள் போடாவிட்டால் அந்தப் பங்கு வேலையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவளுக்குக் கடினமாகிவிட்டது.

4

தங்கமாரி மின்னியல் படித்தவள் இல்லை. பி.காம். முடித்தவள். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அதை எழுதிவைத்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு, அவ்வளவுதான். கோடு போட்ட நோட்டு ஒன்றில் யாருக்கு எந்த நாளில் சுர்ரென்றது என்று பத்துநாள் குறித்தாள்.

திங்களும் வியாழனும் குறி கூடியது. அந்த நாட்களில்தான் கூடத்தைத் தண்ணீர்விட்டுத் துடைப்பார்கள். சில பேருக்கு ஒருநாள்கூடக் குறி இல்லை. அவர்களுக்குள் என்ன பொதுவென்று பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு சுந்தரேஸ்வரியை நினைத்துப் பார்த்தாள். அவள் ஒருதடவையும் சுர்ரென்றதாகச் சொன்னதே இல்லை. எல்லாரையும்விட அதிகமாகத் திரை முன்னால் உட்கார்ந்தவள், வயிற்றில் பிள்ளை உள்ளவள், அவளுக்கு மட்டும் ஏன் இல்லை?

மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு இன்னொரு செருப்பாக உள்ளே வரும். அதனால் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது பெருமாள்சாமியின் சட்டம். மழை நின்றும் சட்டம் நிற்கவில்லை. சுந்தரேஸ்வரிக்குக் கால் வீங்கியிருந்ததால் அவளுக்கு மட்டும் ரப்பர் செருப்போடு உள்ளே வர அனுமதி கொடுத்திருந்தார்கள். குறி இல்லாத மற்றவர்களைப் போய்க் கேட்டாள். ஒருத்திக்குப் பித்தவெடிப்பு, வீட்டுக்குள் போடும் செருப்பைப் பையில் கொண்டுவந்து போட்டுக்கொள்கிறாள். இன்னொருத்தி கால்மிதி ரப்பரின்மேல் காலை வைத்துக்கொண்டு உட்காருகிறவள்.

தங்கமாரி அன்று எல்லாரும் போனபிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு ஓர் இரும்புக் காலைப் புறங்கையால் தொட்டாள். ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் நின்று தொட்டாள். சுர்ரென்றது. மூன்று தடவை இப்படிச் செய்து பார்த்திருக்கிறாள். (இதை யாரும் செய்து பார்க்காதீர்கள். செய்யக்கூடாது என்று அவளுக்கே சில நாள் கழித்துத்தான் தெரிந்தது.)

அதற்கு மறுநாள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

5

(இந்த எண்ணில் கதிர்வீச்சின் வரலாறு பற்றி நாலு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். தேவையானது கீழே.)

எனக்குத் தெரிந்த இயற்பியல் பேராசிரியை ஒருவரிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அந்த வரி பழைய காலத்துக் குண்டுத் திரைகளுக்கு உரியது என்றார். அவற்றின் கண்ணாடிக் குழலுக்குள் உயர் மின்னழுத்தத்தில் எலெக்ட்ரான்கள் பாய்ந்து முகப்பில் மோதும். மோதுகிற இடத்தில் கொஞ்சம் எக்ஸ் கதிர் பிறக்கும். கண்ணாடியில் கலந்திருக்கும் ஈயம் அதைத் தடுத்துவிடும். வெளியே எவ்வளவு வரலாம் என்று அரசாங்கங்கள் ஓர் எல்லை வைத்தன. எல்லைக்குள் இருக்கிறது என்று எழுதித் தரவேண்டியது உற்பத்தியாளர் கடமை. இப்போதைய தட்டைத் திரையில் குழலே கிடையாது, எக்ஸ் கதிர் பிறக்க இடமே இல்லை. யாரோ பழைய பொருளின் தாளைப் புதிய பொருளுக்குள் போட்டிருக்கிறார்கள்.

நான் கணினியைத் திறந்து, எனக்கு அனுப்பப்பட்ட மூல ஆவணத்தைத் தேடியெடுத்தேன். மூன்று பக்கம். ஒரே பக்கத்துக்குள் அடக்கித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அடக்குவதற்காக ஒன்பது வரிகளை வெட்டியிருந்தேன். வெட்டியவற்றில் ஒன்று: இக்கருவியை எர்த் இணைப்பு உள்ள மின்துளையில் மட்டுமே பொருத்த வேண்டும்.

இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று வெட்டியிருப்பேன். கதிர்வீச்சு வரியை விட்டுவைத்தது, கேட்பதற்குக் கனமாக இருந்ததால். இல்லாத ஆபத்தைச் சொல்லி, இருக்கிற ஆபத்தை வெட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குச் சரியாக அழைப்பு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டிய வரி உட்பட. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, காகிதச் சத்தம் கேட்டது.

"எனக்கும் அதான் யக்கா இடிச்சுது. எந்தக் கதிருக்குச் செருப்பு தெரியும்?"

மேடம் அக்காவானது அந்த நிமிஷத்தில்தான். இந்த வாக்கியத்தை நான் உருவாக்கியதாக யாராவது நினைத்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் அது அவளுடையது. இத்தனை படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

6

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் சீனி. தங்கமாரி தன் இடத்துத் திரையைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அவரிடம் கொண்டுபோனாள்.

சீனி பின்தகட்டைக் கழற்றியதும் விசில் அடித்தார். மூன்று முனைச் செருகி வெளியே பார்க்க முறையாக இருந்தது. உள்ளே, எர்த்துக்கான பச்சைக் கம்பி எதிலும் முடுக்கப்படாமல், வெட்டி மடக்கி டேப் சுற்றப்பட்டிருந்தது. மின்சாரத்தை வடிகட்டுகிற சின்ன நீல வில்லை இருக்கவேண்டிய இடத்தில், அதற்குத் தகுதியில்லாத மலிவு வில்லை ஒன்று. இப்போது அதன் வழியாகக் கொஞ்சம் கசிந்து தகட்டுக்கு வருகிறது, அதுதான் சுர் என்றார். அந்த வில்லை என்றைக்காவது உடைந்துபோனால் என்று தங்கமாரி கேட்டாள்.

"முழுக் கரண்டும் இரும்புக் காலுக்கு வந்துரும்மா. ஈரத்தரையில வெறுங்காலோட யாரு கை வச்சிருக்காவளோ அவிய கத முடிஞ்சுது."

பின்னால் ஒட்டியிருந்த முத்திரையைக் காட்டினார். நம் நாட்டில் விற்கும் திரைகள் தர நிர்ணய அமைவனத்தில் பதிவாகியிருக்க வேண்டும், பதிவெண் பின்னால் இருக்க வேண்டும். எண் இருந்தது. தங்கமாரி அங்கேயே நின்று, அமைவனத்தின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாள். எண் உண்மைதான். ஆனால் அது வேறு ஏதோ கம்பெனியின் செல்போன் சார்ஜருக்கு உரியது.

அன்று சாயங்காலமே சீனி கூடத்துக்கு வந்து, பின்புறம் வேலிக்கருவை மறைவில் இருந்த எர்த் குழியைப் பார்த்தார். கரிசல் மண் பங்குனியில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பூமிக்குள் இறக்கிய குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. குழாய் மண்ணைத் தொடாமல் ஒற்றையாக நின்றது. மழைக்காலத்தில் சேர்ந்திருந்து கோடையில் விலகிக்கொள்கிற எர்த். திரையில் கம்பி ஒழுங்காக முடுக்கியிருந்தாலும் பங்குனியில் அது பாதி காரியம்தான் செய்திருக்கும்.

[நான் எழுதும் கதைகளில் கரிசல் வெடிப்பு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. எப்போதும் ஏக்கத்துக்கோ வறுமைக்கோ உவமையாக. அது ஒரு மின்சார விஷயம் என்று எனக்குத் தெரியாது.]

7

மறுநாள் திங்கள். தரை துடைத்து முடிந்து ஈரம் காயவில்லை. பெண்கள் வந்து உட்காருவதற்கு முன் தங்கமாரி கூடத்தின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

இந்தக் காட்சியை நான் மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் பெருமாள்சாமி கத்துகிறார். இன்னொன்றில் அவள் அழுகிறாள். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இது.

அவர் வந்தார். என்னம்மா என்று கேட்டார். அவள் நோட்டைக் காட்டினாள், சார்ஜர் கம்பெனியின் பெயர் வந்த கைப்பேசித் திரையைக் காட்டினாள், சீனி சொன்னதைச் சொன்னாள், எர்த் குழியையும் சொன்னாள். அவர் முகம் சிறுத்துப்போனது. திரை ஏமாற்று என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் அந்தக் குழி அவரே கூட நின்று தோண்டவைத்தது. இருபத்துநான்கு வீடு இதை நம்பியிருக்கிறது, சென்னையில் நாளைக்குள் வேலை கேட்பார்கள், நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றாள்.

வெறும் சுர் தானே, அதுக்காகவா என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றினார். முதலாளிக்குக் கூடத்துக்குள் செருப்பு உண்டு. மெயின் சுவிட்சை மறுபடி ஏற்றிவிட்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, பக்கத்து மேசையின் திரைக்குக் கையை நீட்டினார்.

தங்கமாரி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. தொட்டுப் பாத்துத்தான் நம்பணும்னு இல்ல. நான் சொல்லுதேன்."

ஒரு முதலாளியின் கையை அங்கே வேலை பார்க்கிற பெண் பிடித்து நிறுத்துவது எங்கள் பக்கத்தில் சாதாரணக் காரியமில்லை. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரி. நிப்பாட்டு," என்றார்.

அவளே சுவிட்சை இறக்கினாள். அவர் பொன்னிற வில்லைகளை ஒவ்வொன்றாகத் தன் நகத்தால் பிய்த்து எடுத்துக்கொண்டே கூடத்தைச் சுற்றிவந்தார் என்று சொன்னாள். இந்தக் கடைசி விவரத்தை நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். அதனால்தான் அவரைக் கெட்டவராக எழுத என்னால் முடியவில்லை.

8

தங்கமாரி தர நிர்ணய அமைவனத்துக்குப் படங்களோடு புகார் எழுதினாள். வாக்கியங்களைச் சரிபார்க்க எனக்கு அனுப்பினாள். நான் திருத்தியது இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை மட்டும்.

பதினோராம் நாள் சண்முகராஜ் குட்டிலாரியோடு வந்து இறங்கினார். லாரியில் பெயர்பெற்ற கம்பெனியின் இருபத்துநான்கு புதுத் திரைகள். தங்கமாரி ஏறிப்போய் ஒவ்வொன்றின் எண்ணையும் சரிபார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. சண்முகராஜ் சிரித்த முகமாக இரண்டே இரண்டு கேட்டார். பழைய திரைகள் அட்டைப்பெட்டியோடு திரும்பி வரவேண்டும், புகார் தவறுதலாகக் கொடுக்கப்பட்டது என்று ஒரு கடிதம் வேண்டும். இறக்கிவைத்தால் மத்தியானமே வேலை தொடங்கலாம்.

பதினோரு நாளாக வேலையில்லாத பெண்கள் விஷயம் கேள்விப்பட்டு வாசலில் கூடியிருந்தார்கள். சுந்தரேஸ்வரிகூட வெயிலம்மாளிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கதையில் இப்படி ஒரு லாரி வந்து நின்றால் கதை முடிந்துவிடும். எனக்கே ஒருகணம் ஆசையாக இருந்தது.

தங்கமாரி ஒரு கேள்வி கேட்டாள்.

"இத எங்க கொண்டு போவீங்க?"

அது உங்களுக்கு எதுக்கும்மா என்றார் சண்முகராஜ். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். எங்கேயாவது போகும், பள்ளிக்கூடம், பிரவுசிங் சென்டர் என்று ஆயிரம் இடம் இருக்கிறது என்றார். சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவள் பெருமாள்சாமி பக்கம் திரும்பினாள். அவள் ஒன்றும் பேசவில்லை என்றுதான் சொல்கிறாள். வாசலில் நின்ற சுந்தரேஸ்வரிதான் பேசியிருக்கிறாள்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளைக வெறுங்காலோடதான அண்ணாச்சி உக்காரும்."

பெருமாள்சாமி உள்ளே போய், பழைய திரைகள் அடுக்கியிருந்த அறையைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து தங்கமாரியின் கையில் கொடுத்தார். லாரி வந்த வழியே திரும்பிப் போனது. அதில் அந்த இருபத்துநான்கு நல்ல திரைகளும் போயின.

9

இதற்கு விலை இல்லாமல் இல்லை. கூடம் இன்னும் மூன்று வாரம் மூடிக் கிடந்தது. ஐந்து பெண்கள் காத்திருக்க முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி தங்கமாரியோடு இன்றுவரை பேசுவதில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பகுதி எழுத வேண்டும் என்று நினைத்தேன். தங்கமாரி அவள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டாள். அவளிடத்தில் நான் இருந்தாலும் கோபம்தான் வரும் என்றாள்.

பிறகு வாடகைக்குப் பத்துத் திரைகள் வந்தன. இரண்டு ஷிப்ட் வைத்து வேலை தொடங்கியது. புதிய எர்த் குழி தோண்டினார்கள். கோடை முடியும்வரை தினமும் காலையில் அதற்கு இரண்டு வாளித் தண்ணீர் விட்டது பெருமாள்சாமி. வேறு யாரையும் விடவிடவில்லை. கூடத்துக்குள் எல்லாருக்கும் ரப்பர் செருப்பு உண்டு என்று சட்டம் மாறியது.

சுந்தரேஸ்வரியைத் திரும்பக் கூப்பிடத் தங்கமாரி நாகலாபுரத்துக்கு நேரில் போனாள். கதிர்வீச்சே கிடையாது என்பதை வெயிலம்மாளுக்கு எப்படிப் புரியவைத்தாய் என்று கேட்டேன். புரியவைக்கவில்லையாம். சீனியிடமிருந்து பழைய திரையின் வெட்டிய பச்சைக் கம்பியை வாங்கிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். பயப்படவேண்டியது இது, இப்போது இது சரியாகிவிட்டது. வெயிலம்மாள் கம்பியை வாங்கி விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்துவிட்டு, மருமகளைப் பார்த்து, ஆறு மணி வண்டிக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம்.

அமைவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தங்கமாரி பூட்டைத் திறந்துவிட்டாள். இரண்டு திரைகளுக்கு முத்திரை வைத்துச் சோதனைக்கு எடுத்துப்போனார். அவள் நோட்டையும் கேட்டு வாங்கி, நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார். இதை யார் சொல்லிக்கொடுத்து எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

10

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: சோதனை அறிக்கை வருகிறது. அந்தத் திரைகளை இறக்கியவர்கள் மாட்டுகிறார்கள். சண்முகராஜ் நாட்டில் எங்கெங்கோ விற்றதையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. எழுத இனிக்கிறது. ஆனால் இந்த ஐப்பசியில் இதை எழுதும் நாள்வரை அறிக்கை வரவில்லை.

இரண்டாவது: அறிக்கை வருவதற்குள் சண்முகராஜ் வேறு பெயரில், வேறு ஊரில், வேறு எண் ஒட்டிய... (இதுவும் எனக்குத் தெரியாது. சலிப்பில் எழுதியது. சலிப்பும் ஒரு சோம்பேறித்தனம்தான்.)

மூன்றாவதை நீங்கள் எட்டாம் பகுதியிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சுந்தரேஸ்வரியின் பிள்ளை. பங்குனியில் நாலு மாதம் என்றால் இப்போது பிறந்திருக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன். தங்கமாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, கதையில் எழுதவேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் என்னிடம் இத்தனை நீளமாகப் பேசியது அன்றுதான்.

"நல்லாப் பெறந்துச்சுன்னு எழுதினா, படிக்கிறவிய அப்போ அந்த மானிட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்ல போலன்னு நெனச்சுக்கிடுவாவ. ஏதோ கொறைன்னு எழுதினா, பாத்தியா கதிர்தான்னு தெருவே பேசும். ரெண்டும் பொய்தான யக்கா? மானிட்டருக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. அத நோட்டுல எழுதி, கம்பியக் காட்டி, இத்தன பாடுபட்டு நிரூபிச்சிருக்கோம். இப்போ அந்தப் பிள்ளையக் கொண்டாந்து எதுக்குச் சாட்சிக்கு நிப்பாட்டுதீங்க?"

நான் எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தது. நல்ல பக்கம். அதை எடுத்துவிட்டேன்.

மற்ற இரண்டு முடிவுகளில் எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்களுக்குப் பிடித்த இன்னொன்றை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.